அணைத்த பிறகும் இருபது நிமிடம்

“வண்டிய அணைச்சுக் கதவைத் தொறந்து மூடுனாலும் இனி கரண்டு நிக்காதுங்கப்பா. இருபது நிமிசம் வெச்சிருக்கறேன்,” என்று சொல்லிக்கொண்டே கோகிலவாணி வண்டியின் முன்பக்கத் திரையில் இரண்டு மூன்று இடங்களை விரலால் தொட்டாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அர்த்தனாரிக்குத் தமிழே மூணாங்கிளாஸ் வரைக்கும்தான். ஆனால் நம்பர் தெரியும். பூஜ்யம், அஞ்சு, பத்து, இருபது என்று நின்ற வரிசையில் பூஜ்யத்தின் மேல் இருந்த நீலப்பொட்டு எழுந்துபோய் இருபதின் மேல் உட்கார்ந்தது. அந்தப் பொட்டைப் பூஜ்யத்தில் உட்கார வைத்ததே அவர்தான். நாலு மாசத்துக்கு முன்னால், வண்டி வாங்கி வந்த அன்றைக்கே, அணைத்த வண்டியில் பாட்டு ஓடுவதைக் கேட்டார். அணைச்சா அணையணும், இதென்ன செத்த பாம்பு வாலாட்டுற மாதிரி என்று சத்தம் போட்டு, மகளை அந்த இடத்திலேயே மாற்ற வைத்தார். அவள் மாற்றினாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு ஏன் என்று தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். “காத்தாடி ஓடும். கண்ணாடி ஏத்தலாம், எறக்கலாம். நேரம் முடியறப்ப ஒரு சத்தம் குடுக்கும், பயந்துராதீங்க. அப்பறம் எதுவும் வேலை செய்யாது, கதவு மட்டும் தொறக்கும். இந்த இருபது நிமிசத்துக்கெல்லாம் பேட்டரி எறங்காதுங்கப்பா.” கடைசி வார்த்தையை மெதுவாகச் சொன்னாள், புண்ணின் மேல் துணி போடுகிற மாதிரி. பிறகு வர்றீங்களா என்று கேட்பது போல ஒருதரம் அவர் முகத்தைப் பார்த்தாள். “நாந்தான் வீட்லயே சொல்லிப்போட்டேனே, எறங்க மாட்டேன்னு. நீ போயி உங்க சித்தப்பனைப் பாத்துட்டு வா,” என்றார். கதவு மூடியது. திரையின் ஓரத்தில் சின்னதாக இருபது என்று நின்றது, பத்தொன்பது ஆனது.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. எதிரே நாலு வீடு தள்ளி அவர் தம்பி வையாபுரியின் வீடு. பந்தல் சின்னதுதான். சித்திரை வெயில் பந்தலுக்கு வெளியே ரோட்டின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. தப்பட்டைக்காரர்கள் கொஞ்சம் அடிப்பதும் நிறுத்தித் தண்ணி குடிப்பதுமாக இருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் பங்காளிகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், தோளில் துண்டு இல்லாமல், தலையைக் குனிந்து. எழவுக்கு வருகிற ஆம்பளைகள் முதலில் அந்த வரிசைக்குப் போய், ஒவ்வொருவரும் நீட்டுகிற கையைத் தொட்டுவிட்டுத்தான் பிணத்தைப் பார்க்க உள்ளே போவார்கள். யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. கையைத் தொட்டால் போதும், துக்கத்தைக் கேட்டாகிவிட்டது. வரிசையின் முதல் நாற்காலி மூத்தவருக்கு. அது நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி, காலியாகக் கிடந்தது. வெயிலுக்கு ஒதுங்கி வந்த பெரியவர் ஒருவர் அதில் உட்காரப் போனார். இரண்டாவது நாற்காலியில் இருந்த மோகன்ராசு, வையாபுரியின் மகன், கையை நீட்டித் தடுத்து வேறு பக்கம் காட்டினான். அர்த்தனாரி பார்வையை விலக்கிக்கொண்டார். யாருக்காகப் போட்டு வைத்திருக்கிறான்? போட்டு வைக்கச் சொன்னவன் யார்? செத்தவன் சொல்லியிருப்பான். அவனுக்கு அந்தப் புத்தி உண்டு. எதையும் வாயால் சொல்லாமல் ஒரு காலியான இடத்தை விட்டு வைப்பான், வந்து உட்கார்ந்தால் நாம் தோற்றோம். உன் வாசல்ல என் கால் படாதுடா என்று இருபத்தாறு வருசத்துக்கு முன்னால் ஊர் பார்க்கச் சொன்ன சொல். படவில்லை. இன்றைக்கும் படவில்லை. ரப்பர் டயர்தான் ரோட்டில் படுகிறது, அதுவும் பஞ்சாயத்து ரோடு. இப்படி ஒரு கணக்கை வழி நெடுகப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார், மகளுக்குத் தெரியாமல், சுங்கச்சாவடியில் ஒருதரம், சங்ககிரி மலை தெரிந்தபோது ஒருதரம். வண்டிக்குள் இருந்தபடியே பிணத்தைத் தூக்கிவரும் பாடைத் தேர் போகும்போது கண்ணாடியை இறக்கி முகத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவது. ஒரு பார்வை. அதற்குக் கால் எதற்கு?

“அட, நம்ம அர்த்தனாரி மச்சானுங்களா!” இறங்கியிருந்த கண்ணாடிக்குள் ஒரு வெற்றிலை வாய் எட்டிப் பார்த்தது. குழந்தைவேல், அவர் பெண்டாட்டி பாவாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எந்த எழவிலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன். “காருக்குள்ள காத்தாடி போட்டுக்கிட்டு எழவு கேக்கறீங்களா? இது நல்லாருக்குதே. நாங்கெல்லாம் வெயில்ல நிக்கறோம் பாருங்க, விவரங்கெட்டவங்க.” “மூட்டு வலி மச்சான்,” என்றார் அர்த்தனாரி. “மூட்டு எனக்குந்தான் வலிக்குது. எறங்குங்க. செத்தவன்கிட்ட என்ன வம்பு இனி? ஏதோ ஒருநா பாட்டுக் கேட்டு மறந்துட்டான், சின்ன வயசு. என்ற தங்கச்சி போய்ச்சேந்தா, அவ விதி. நானே விட்டுட்டேன், கூடப் பொறந்த நீங்க விடலீன்னா எப்படி?” ஏதோ ஒருநா பாட்டுக் கேட்டு மறந்துட்டான். இருபத்தாறு வருசமாக இந்த ஒரே வாக்கியம் ஒவ்வொரு வாயிலும் ஒரே மாதிரி உருண்டு வருகிறது. முதலில் அதை உருட்டி விட்ட வாய் எது என்று யாரும் கேட்டதில்லை. “தேர் எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?” என்று பேச்சை மாற்றினார். “மூணுக்குன்னாங்க, இப்பவே எடுத்துருவாங்க போல. கோடித்துணி போட்டாச்சு. உங்களுக்கோசரந்தான் பாக்கறாங்க.” குழந்தைவேல் துப்பிவிட்டுப் போனான். அர்த்தனாரி பொத்தானைத் தேடி அழுத்தினார். கண்ணாடி முனகிக்கொண்டு மேலே ஏறி ஊரை அறுத்து விட்டது. தப்பட்டை தூரத்தில் யாரோ கோணியைத் தட்டுவது போல ஆனது. காத்தாடியின் சத்தம் மட்டும். பதிமூன்று.

அணைத்த வண்டியில் காத்தாடி ஓடுகிற சத்தம். இது அவருக்குப் பிடிக்காத சத்தம். எஞ்சின் ஓடாமல் ஒன்று ஓடினால் எங்கிருந்தோ ஒன்று தீர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசம் வராது, சொட்டுச் சொட்டாக ஒழுகுவதும் தெரியாது, காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு டிக். அவ்வளவுதான். அந்த டிக். அந்தக் காலத்து டெம்போ வேனுக்கு இந்த நம்பர் எல்லாம் கிடையாது. சாவியை அரைத் திருப்பு திருப்பினால் பாட்டுப் பெட்டிக்கு கரண்டு வரும், முழுசாகத் திருப்பினால் எஞ்சின். அரைத் திருப்பில் விட்டால் அது கடைசிச் சொட்டு வரைக்கும் ஓடும், சத்தம் கொடுக்காது, நானாக நிற்கிறேன் என்று நிற்காது. மனுசன்தான் நிறுத்த வேண்டும். அதைத் திருப்பி எடுத்தோமா? எடுத்தோம். எடுத்த மாதிரித்தான் இருக்கிறது. தறிக்குப் பாவு நூல் ஏற்றி இறக்குகிற வேன், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அன்றைக்குப் பகலில் ஓட்டியவன் வையாபுரி. பொழுது சாய வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு அவன் வீட்டுக்குள் போனான். அப்போதெல்லாம் சாவியை யார் எடுத்தார்கள், எந்தத் திருடன் வரப்போகிறான். அதற்கு அப்புறம்? அதற்கு அப்புறம் பாவாயி சோறு போட்டாள். குழம்பில் உப்பு இல்லை. அவர் சொன்னார். அவள், நெஞ்சு என்னமோ பண்ணுது, ருசி தெரியல என்றாள். வாய்வா இருக்கும், போய்ப் படு என்றார். அதை எப்படிச் சொன்னார்? கனிவாகச் சொன்னாரா? தட்டைத் தள்ளிய சத்தம் முதலில் கேட்கிறது, பிறகுதான் குரல். தட்டு சுவரில் போய் இடித்தது. அப்போது கோகிலாவுக்கு எட்டு வயசு, தட்டைக் குனிந்து எடுத்தாள். அதை அவள் மறந்திருப்பாள். அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். வாசலில் வேன் நின்றது. வேனுக்குள் பாட்டுப் பெட்டி இருந்தது.

இங்கே வந்ததும் மனசு எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும், செக்கு மாடு திரும்புகிற மாதிரி, யாரும் ஓட்டாமலே. இன்றைக்கும் திரும்பப் பார்த்தது. கோகிலாவின் கல்யாணத்துக்குப் போனது. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தார், வையாபுரிக்கு வைக்கவில்லை. வைக்காவிட்டால் என்ன, வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில் நின்றான். மண்டபத்தின் மாடி ஜன்னலில் இருந்து அர்த்தனாரி பார்த்தார். வெளுத்த சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு முகூர்த்தம் முடிகிற வரைக்கும் நின்றான். மேளம் கொட்டியபோது கையைத் தூக்கி, அங்கிருந்தே, அரிசி எதுவும் இல்லாத வெறுங்கையால் ஒருதரம் வீசினான். போய்விட்டான். அதைப் பார்த்துத் தனக்கு என்ன தோன்றியது என்று இவருக்கு ஞாபகம் இருக்கிறது. கோபம். நடிக்கிறான் என்ற கோபம். இவன் எதற்கு நடிக்க வேண்டும், நடிக்க வேண்டியவன் இவனில்லையே. ஒன்பது. வேர்த்தது. காத்தாடி சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது. பந்தலில் பொம்பளைகளின் ஒப்பாரி கூடியது போல இருந்தது, கண்ணாடி வழியாக நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீல நாற்காலி அப்படியே இருந்தது. அதன் கைப்பிடியில் வெயில் ஏறியிருந்தது.

சரி, வேனுக்குள் ஏறினார். சாவியை அரைத் திருப்புத் திருப்பினார். கோயில் நோன்பில் அவரே பதிவு செய்த உடுக்கைப் பாட்டு, பச்சைக் கேசட், மேலே கிழிந்த ஒட்டுத்தாள், வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள், தொட்டால் சண்டை. உடுக்கைச் சத்தம் வயிற்றுக்குள் இறங்கினால் அவருக்கு எந்தக் கோபமும் அடங்கும். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் கேட்டார். கண் அசந்தது. விழித்தபோது பாட்டு ஒரு பக்கம் முடிந்து பெட்டி சும்மா இரைந்துகொண்டிருந்தது. எழுந்துபோய்ப் படுத்தார். சாவி? கை சாவிக்குப் போனதா? இருபத்தாறு வருசமாக அந்தக் கையை அனுப்பிப் பார்க்கிறார். சில நாள் போகிறது, திருப்புகிறது, குளிர்ந்த இரும்பு விரலில் படுவது கூடத் தெரிகிறது. சில நாள் கை கதவைத் திறக்க மட்டும்தான் போகிறது. விடிகாலை ஐந்து மணிக்குப் பாவாயி எழுப்பினாள். எழுப்பவில்லை, அவர் கையைப் பிடித்தாள், பிடித்த கை ஈரமாக இருந்தது. முகமெல்லாம் வேர்வை. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வையாபுரி ஓடி வந்தான். அவன்தான் முதலில் வேனில் ஏறினான். டிக். மறுபடியும் டிக். அர்த்தனாரி பாவாயியைத் தூக்கிக்கொண்டு வேனின் கதவருகே நின்றிருந்தார், அதனால் பார்த்தார். தம்பி குனிந்து சாவியைப் பார்த்தான். பாட்டுப் பெட்டியைப் பார்த்தான். அதன் பொத்தானை அழுத்தினான். கரண்டு இல்லாவிட்டாலும் கேசட் வெளியே தள்ளும், ஸ்பிரிங்கில் வேலை செய்வது. பச்சைக் கேசட் வந்தது. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். போட்டுவிட்டு நிமிர்ந்தவன் அண்ணனைப் பார்க்கவே இல்லை. “தள்ளுங்கண்ணா, தள்ளுனா எடுத்துக்கும்,” என்று குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினான். மேட்டு ரோடு. தள்ளித் தள்ளி மூச்சு வாங்கியதுதான் மிச்சம். வேறு வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம். அரைமணி முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் சொன்னார்.

பிணத்தை வாசலில் போட்டிருந்தபோது யாரோ கேட்டார்கள், வண்டிக்கு என்னாச்சு என்று. சும்மா கேட்டார்கள். அர்த்தனாரி அழுதுகொண்டிருந்தார், அழுகைக்கு நடுவில் அந்த வாக்கியம் தானாக வந்தது: நேத்து வண்டி ஓட்டுனவன் இவன், பாட்டுக் கேட்டுச் சாவிய விட்டுட்டுப் போயிட்டான், என்ற பொண்டாட்டியக் கொன்னுபோட்டான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வையாபுரி தூணோரம் நின்றிருந்தான். அவன் சட்டைப் பை சதுரமாகத் துருத்திக்கொண்டு இருந்தது. ஒரு கையை வைத்து அந்தப் பையை மூடிக்கொண்டான். “தப்புத்தாண்ணா,” என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, ஊர்ப் பேச்சுத் தாங்காத பெண்டாட்டி தைலம்மாவோடு இந்த ஊருக்குக் குடிவந்தபோதும் சொல்லவில்லை. அங்கேதான் அவனை மன்னிக்க முடியவில்லை. ஒருதரம் கேசட்டை எடுத்து மூஞ்சியில் எறிந்திருக்கலாம். நீதாண்டா என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் இவரும் கத்தியிருப்பார், அடித்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த தீபாவளிக்குள் சேர்ந்திருப்பார்கள். அவன் அந்தப் பொய்யை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான், திருப்பித் தரவே இல்லை. மற்றவன் கையில் தன் பொய்யைக் கொடுத்துவிட்டு ஒரு மனுசன் எப்படித் தூங்குவான்? அதனால் வெறுத்தார். முழு மனசோடு வெறுத்தார். வெறுப்பு குறைகிற வருசங்களில் அதை எடுத்துத் தண்ணி காட்டி வளர்த்தார். அது இல்லாமல் போனால் அந்த இடத்தில் என்ன வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

தப்பட்டை திடீரென்று வேகம் பிடித்தது. பந்தலில் எல்லாரும் எழுந்தார்கள். மோகன்ராசு எழுந்து நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான், வேப்பமரத்தடி வரைக்கும் அவன் பார்வை வந்தது, வண்டியின் கண்ணாடியில் என்ன தெரிந்ததோ, திரும்பிவிட்டான். தேரைத் தூக்கினார்கள். பக்கத்தில் வரட்டும், வரட்டும், இப்போதே இறக்கினால் குழந்தைவேல் மாதிரி பத்துப் பேர் தலையை நுழைப்பார்கள். விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று. ஒன்று என்றால் இன்னும் முழுசாக ஒரு நிமிசமா, முடியப்போகிற ஒன்றா? மகளைக் கேட்டு வைத்திருக்கலாம். சங்கு ஊதியது. முன்னால் தப்பட்டை வந்தது, பின்னால் பூவை இறைத்துக்கொண்டு யாரோ. அப்போது வண்டிக்குள் டிங் என்று ஒரு சத்தம். கோயில் மணியைக் குழந்தை தொட்டது மாதிரி மெல்லிய சத்தம். காத்தாடி இழுத்து இழுத்து நின்றது. திரை கறுத்தது. அவர் பொத்தானை அழுத்தினார். அழுத்தினார். இரண்டு கையாலும் அழுத்தினார். தேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் வந்துவிட்டது. தோள் உயரத்தில் போகிற தேரில் உட்கார்ந்த இடத்திலிருந்து முகம் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை எழவில் தோள் கொடுத்தவருக்கு அது தெரியாமல் போனது. வேர்த்த இடுப்புகள், பச்சை மூங்கில், கயிறு, மோகன்ராசின் விலா எலும்பு ஏறி இறங்குவது, தொங்குகிற ரோஜாமாலையின் நுனி கண்ணாடியில் உரசிக்கொண்டு போனது. கண்ணாடியில் அவர் முகம்தான் இருந்தது, அதன் மேல் வையாபுரி போய்க்கொண்டிருந்தான். கதவின் கைப்பிடி முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அது திறக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆம்பளைகள் எல்லாரும் தேருக்குப் பின்னால் சுடுகாட்டுக்குப் போனார்கள். சத்தம் திருப்பத்தில் மறைந்தது.

கோகிலவாணி வந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அழுத முகம். வெளிக்காற்று உள்ளே வந்தது. “நேரமாயிருச்சுங்கப்பா. நின்னுருச்சா? புழுங்கிப் போயிருப்பீங்க.” அவர் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. அதை அவள் பார்த்தாள். “வீட்டுக்குப் போனதும் மறுபடியும் பூஜ்யத்துலயே வெச்சர்றேன். சித்தப்பா மாதிரி நான் மறந்துற மாட்டேனுங்கப்பா,” என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். செத்தவனைப் பார்த்துக் காலில் விழுந்து அழுதுவிட்டு வந்த வாயால், எட்டு வயசில் அவர் புகட்டியதைச் சொன்னாள். அவள் சாகும் வரைக்கும் சொல்வாள். அவள் பிள்ளைகளுக்குச் சொல்வாள்.

“உங்க சித்தப்பன் மறக்கல, சாமி.”

“என்னங்கப்பா?”

“அவன் விடல சாவிய. நாந்தான். நாந்தான் பாட்டுக் கேட்டேன். அவனுக்குத் தெரியும்.”

வண்டியைக் கிளப்பப் போன அவள் கை அப்படியே நின்றது. அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வண்டிக்குள் இருக்கக் கூடாது என்று அர்த்தனாரி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டது ரோட்டில் கால் வைத்ததும் தெரிந்தது. திரும்பவில்லை. இறைந்து கிடந்த பூவின் மேல் நடந்து பந்தலுக்குப் போய், அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் ஏறிய பிளாஸ்டிக் தொடையைச் சுட்டது. பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலி. தலையைக் குனிந்து, துண்டை எடுத்து மடியில் வைத்து, கையை முன்னால் நீட்டினார். தொடுவதற்கு ஒரு ஆம்பளை கூட இல்லை. வேப்பமரத்தடியில் கோகிலவாணி வண்டியின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வரவில்லை. பிணம் போன வீட்டைக் கழுவிவிடப் பொம்பளைகள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தைலம்மா நிலைப்படியில் வந்து நின்று, நீட்டிய கையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் படியிறங்கி, பந்தலைத் தாண்டி, அவர் பாதத்துக்கு அடியில் வந்தது. அவர் காலைத் தூக்கவில்லை.